கல்லிடைக்குறிச்சி மட்டும்

ஆடிக்காற்று அடித்துவிட்டது என்றார்கள் டிப்போவில்.
காற்றில்லை, காதுக்குப் பின்னால் ஒரு நரம்பு
எலும்புக் குழாய்க்குள் வீங்கி நெரிபடுகிறது என்றாள்
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சலேத் மேரி,
என் வலது கன்னத்தில் ஈரப்பஞ்சை வைத்தபடி.

"தசைக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி.
அதுக்குச் சேதிதான் போகல."

டீ கடைவாயில் வழிந்து
சட்டைப்பையில் சில்லறையை நனைக்கிறது.
மூடாத வலக்கண்ணில் சுத்தமல்லித் தூசி.
ராத்திரி பிளாஸ்திரி போட்டு ஒட்டுகிறாள் செல்லக்கனி,
பார்சல் கட்டுகிற மாதிரி.

இருபத்திரண்டு வருசம் நான் கத்திய ஊர்கள்.
பேட்டை காற்றாய்ப் போனது.
பத்தமடை போனது. சேரன்மாதேவி பாதி.
அம்பை, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம்,
எல்லாம் உதடு ஒட்டினால் பிறக்கிற ஊர்கள்.
கல்லிடைக்குறிச்சி மட்டும்
நாக்கை வைத்தே முழுசாக வந்தது.
அங்கே இறங்குகிறவர்களுக்கு என் சீக்கு தெரியாது.

சலேத் மேரி பொத்தானை அழுத்துகிறாள்.
கன்னம் துள்ளுகிறது.
நான் சிரிக்கவில்லை, அது சிரித்தது.
கரண்டு நின்றதும் பழையபடி
மாவு பிசைந்து வைத்தது போல் கிடக்கிறது.

கை காலில் தசை எலும்பில் பிடித்து
எலும்பில் போய் முடியுமாம்.
முகத்தில் மட்டும் தோலில் போய் முடியுமாம்.
மாடு ஈ விரட்ட உடம்புத் தோலைச் சிலிர்க்குமே,
அந்த வித்தையில் நமக்கு மிஞ்சினது
கழுத்துக்கு மேலேதான் என்றாள்.
பிறகு யாரோ கூப்பிட, பஞ்சை என்னையே பிடிக்கச் சொல்லிப் போனாள்.

எந்தத் தசைக்கும் தள்ளத் தெரியாது.
இழுக்கத்தான் தெரியும்.
நீட்ட ஒன்று, மடக்க ஒன்று;
ஒன்று இழுக்க மற்றது விட்டுக்கொடுக்கும்.
உள்ளே நாருக்குள் நார், அதற்குள்ளும் நார்,
ஒன்றின் இடுக்கில் ஒன்று நுழைந்து
தீபாவளிக் கூட்டத்தில் ஆள் நெருங்குகிற மாதிரி நெருங்குமாம்.
அதற்குப் பேர்தான் பலம்.

என் இடது கன்னத்துக்கு இப்போது எதிராள் இல்லை.
இழுத்த இழுப்புக்கு மொத்த முகமும் போகிறது.
ஜெயித்த பக்கம்தான் கோணலாகத் தெரிகிறது
கண்ணாடியில்.

டூட்டிக்குப் போனேன், லீவு இல்லை.
ஆற்றுப்பாலத்து வளைவில் பஸ் சாய்ந்தபோது
கம்பியைப் பிடிக்கவில்லை நான்.
இரு கையிலும் டிக்கெட் மெஷின்.
காலில் இருக்கும் கெண்டை தானே புரண்டு
என்னை நிறுத்தியது.
யார் பேர் வைத்தாரோ, கெண்டைக்கால் என்று,
ஆற்றைப் பார்த்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும்.

விசில்தான் வரவில்லை.
நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே
கவிழ்த்த கிண்ணம் போன்ற தசை இறங்கி மூச்சை வாங்கித் தருகிறது.
கன்னத்துச் சுவர் அதை அமுக்கித் தர வேண்டும்.
உதட்டைச் சுற்றின வளையம் இறுக வேண்டும்.
பாதி வளையத்தில் என்ன நிற்கும்?
எச்சில் தெறித்தது, முன் சீட்டுப் பெண் முறைத்தாள்.
சாவியால் கம்பியைத் தட்டினேன்.
ரெண்டு தட்டு ரைட், ஒரு தட்டு ஹோல்டான்.
மைதீன் பிச்சை ஒரு வார்த்தை கேட்காமல்
தட்டுக்கு ஓட்டினார் ஐந்து வாரம்.

வீரவநல்லூர் தாண்டி நேற்று,
பழக்க தோஷத்தில் விசிலைக் கடித்து ஊதினேன்.
குக்கர் அடங்குகிற மாதிரி ஒரு சீறல்,
கடைசியில் நூலளவு சத்தம்.
பஸ் கிளம்பிவிட்டது.
மைதீன் பிச்சை அந்தச் சத்தத்தைக் கேட்டாரா,
மேலே கண்ணாடியில் என் கன்னத்தைப் பார்த்தாரா,
இல்லை நேரமாகிவிட்டது என்று எடுத்தாரா, தெரியாது.
"என்னவே, ஏறியாச்சா?" என்றார்.

அடுத்த ஊர் கல்லிடைக்குறிச்சி.
அதைச் சொல்லவில்லை.
வாயைக் குவித்துப்
பாபநாசத்தின் முதல் எழுத்தைப்
பிடித்து வைத்திருந்தேன்,
அம்பை வரைக்கும்.